ஏழுமலை மேஸ்திரி குறி போட்ட சுவர்

செய்தி வந்தபோது நான் ஒரு சுவரின் முன்னால் குழம்பிப்போய் நின்றிருந்தேன். “அப்பா போயிட்டாரும்மா. மத்தியானம் சாப்ட்டுப் படுத்தவரு எழுந்திருக்கல” என்று போனில் அழுதாள் ஏழுமலை மேஸ்திரியின் மகள். “எந்த அப்பா?” என்று கேட்டேன். காலையில் அந்தச் சுவரில் குறி போட்டுவிட்டுப் போனவர் எப்படிச் சாக முடியும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கம் ரோட்டில் என் கணவர் நடத்திய உரக்கடையை நல்லதொரு உணவகமாக மாற்றப்போகிறேன் என்றபோது சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். ஷட்டரைத் தூக்கி உள்ளே வந்தார்; மூக்கைக்கூடப் பொத்திக்கொள்ளவில்லை. “வாடை ஜாஸ்திதான். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துட்டா போயிடும்மா” என்றார்.

வரைபடமெல்லாம் அவருக்கு ஒத்துவராது. கையில் ஒரு செங்கல் துண்டு இருக்கும். இடிக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி, இருக்க வேண்டிய இடத்தில் வட்டம். ஆட்களுக்கு அதுதான் உத்தரவு. நான் ஆசையாக வாங்கிவந்த பளபளப்பு டைல்ஸில் தண்ணீரை ஊற்றி, வெறுங்காலோடு நடந்து பார்த்தார். “பௌர்ணமிக்கு மலை சுத்திட்டு செருப்பில்லாம வருவாங்க. விழுந்தா யாரு தூக்கறது?” அத்தனையையும் திருப்பி அனுப்பினேன்.

சண்டை வந்தது கூடத்தின் நடுச்சுவரால். அதை இடித்தால் உள்ளே இருக்கும் மேசைகளும் விளக்குகளும் ரோட்டிலிருந்தே தெரியும் என்றேன். “சாப்புடறவங்க வாயை ரோட்ல போறவங்க ஏம்மா பாக்கணும்? நிம்மதியா சாப்புடட்டும்” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “ஓட்டல் உங்களுதா, என்னுதா?” என்று ஆட்கள் முன்னால் கேட்டுவிட்டேன். சிமெண்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் வருவதற்கு முன்பே தனியாக வந்து போயிருக்கிறார். அதுவரை வெறுமையாக இருந்த சுவரில் ஒரு வட்டம். அதே இடத்தில் ஒரு பெருக்கல் குறி. எது முதலில் போட்டது, எது பிறகு? வட்டம்தான் மேலே என்றான் ஒரு கொத்தனார், பெருக்கல்தான் என்றான் இன்னொருவன். இன்ஜினியரைக் கேட்டால், “பாரம் தாங்கற சுவரு இல்லீங்க, உங்க இஷ்டம்” என்கிறார். என் பேச்சுக்காக மனம் மாறினாரா? இல்லை, மாறியதை மறுபடி மாற்றிக்கொண்டாரா? கேட்கத்தான் ஆள் இல்லை.

நேற்று ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். “என்னம்மா செய்யறது?”

“இருக்கட்டும்” என்றேன். சுற்றிலும் வெள்ளையடித்தாயிற்று. அந்த ஒரு முழ இடம் மட்டும் செங்கல் சிவப்போடு அப்படியே இருக்கிறது.

மேஸ்திரி, வட்டம் கடைசி என்றால், நீங்கள் ஜெயித்தீர்கள். பெருக்கல் கடைசி என்றால், எனக்காக விட்டுக்கொடுத்தீர்கள். நானும் உங்களுக்காக விட்டுக்கொடுத்துவிட்டேன். போய்வாருங்கள்.