டேசிக்கு நெஞ்சு வருத்தம்

எண்பத்து நாலில் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து குலசேகரம் வால்தம்ஸ்டோவில் ஒரே மேல்மாடி அறையில்தான் இருந்தார். கலியாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கவும் ஆளில்லை. காகித உறை செய்யும் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து கதவைச் சாத்தினால் மறுநாள் காலைவரை வாயைத் திறக்கும் தேவையே வராது. சில சனிக்கிழமைகளில், தொண்டை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகவே கடைக்குப் போய், "கறிவேப்பிலை வந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டு வருவார்.

டேசி வந்தது தொண்ணூற்றொன்றில். பக்கத்து அறை ரோய் என்ற வெள்ளைக்காரன் ஸ்கொட்லாந்தில் வேலை கிடைத்துப் போகும்போது, மூன்றே மாதம் என்று சொல்லி, ஒரு பாம்பைக் கண்ணாடிப் பெட்டியோடு இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். நஞ்சில்லாத சின்ன மலைப்பாம்பு இனம், நாலடி நீளம், பெண். பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பத்து நாளைக்கு ஓர் உறைந்த எலியைச் சுடுதண்ணீரில் இளக்கிக் கொடுத்தால் போதும். குலசேகரத்துக்கு முதல் மாதம் நித்திரையே இல்லை. பிறகொரு நாள் பெட்டியைத் துடைக்கும்போது அது அவர் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டது. லண்டனுக்கு வந்த பிறகு அவரை யாரும் அவ்வளவு நேரம் தொட்டதில்லை. மனுஷன் அழுதுவிட்டார்.

இந்த இடத்தில் பாலாம்பிகை வருகிறார். அடுத்த தெருக்காரி, கோயில் திருவிழா நோட்டீஸ் கொடுக்க வந்தவர். பெட்டியைக் கண்டு வீடே அதிரக் கத்தினார். கத்திய வாய் மூடமுன் கை இரண்டும் கூப்பிக்கொண்டன.

"ஐயோ, நாகதம்பிரானெல்லோ! தம்பி, இவர் உங்களைத் தேடியெல்லோ வந்திருக்கிறார்!"

இது பாம்புத் தெய்வமில்லை, பெண் பாம்பு, பெயர் டேசி என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பாலும் முட்டையும் சாம்பிராணியுமாக மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ராஜலட்சுமி என்பவரின் மகனுக்கு ஹோம் ஒபிஸில் விசா சரிவந்த பிறகு கேட்கவா வேண்டும்? படிக்கட்டு நிறையச் சனம். ஆளுக்கொரு முறை கண்ணாடியைத் தொட்டுக் கும்பிட்டார்கள், பிள்ளைகள் தட்டிப் பார்த்தார்கள், அறை முழுக்கப் புகை. பாம்பு பால் குடிக்காது என்பது குலசேகரத்துக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் போனதும் அதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிடுவார். ஆனால் யாராவது வடையை நீட்டி, "தம்பி, சாப்பிட்டியளோ?" என்று கேட்பார்களே, அதற்காக எதையும் சொல்லாமல் இருந்தார். எலிப் பொட்டலத்தை ஐஸ்பெட்டியில் பச்சைப் பட்டாணிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். புதிதாகப் பன்னிரண்டு கோப்பைகளும் வாங்கினார்.

டேசி கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டது. கும்பிடுகிறார் என்றார்கள். ஐந்து வாரம் எலியைத் தொடவில்லை. சாப்பிடுகிறதில்லை என்று இவர் சொல்ல, விரதம் என்றார்கள். தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தபடி கிடந்தது. ஆசீர்வாதமாம். தலையிலிருந்து கால்வாசி தூரத்தில் உடம்பு புடைத்துக்கொண்டு வந்ததும், உள்ளே மாணிக்கம் விளைகிறது என்று பாலாம்பிகை தேங்காய் உடைத்தார். அன்றைக்கு எல்லாரும் போன பிறகு குலசேகரம் அந்தப் புடைப்பில் விரலை வைத்தார். அது தடதடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டு, தலையணை உறைக்குள் டேசியை வைத்து, பஸ்ஸில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியர் இளம்பெண். புடைப்பில் ஒரு சின்னக் கருவியை வைத்ததும் இதயத்தின் சத்தம் அறையில் கேட்டது. வீட்டில் புகை உண்டா, ஆட்கள் வருவார்களா என்று கேட்டாள்.

"சிநேகிதர்கள் வருவார்கள்," என்றார் குலசேகரம். தனக்கும் சிநேகிதர்கள் உண்டு என்று அவர் இங்கிலீஷில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூக்குத் தேய்த்ததும் சாப்பிடாததும் பயத்தால், வாய் திறந்தது மூச்சுக்கு, புடைப்பு வீங்கிய இதயம் என்று அவள் நிதானமாகச் சொன்னாள். வீங்கினது வற்றாது. ஆனால் சூடும் அமைதியும் கிடைத்தால் ஒன்றிரண்டு வருடம் இருக்கலாம். இப்படியே போனால் இந்த மாதம் தாண்டாது.

வீட்டுக்கு வந்த கையோடு குலசேகரம் டெலிபோன் எடுத்தார். "அக்கா, அதுக்கு நெஞ்சு வருத்தம். சனம் வந்தால் தாங்காது."

"தம்பிரானுக்கு வருத்தமோ? அப்ப இந்த வெள்ளிக்கு ஐயரையும் கூட்டிக்கொண்டு வாறன்!"

குலசேகரம் கண்ணை மூடிக்கொண்டார். பொய் தன்பாட்டில் வந்தது. "இல்லை அக்கா, நான் சொல்லவந்தது... ரோய் வந்து கொண்டுபோயிட்டான். இனி வராது."

மறுமுனையில் பாலாம்பிகை அழுவது கேட்டது. கொஞ்சம் பொறுத்து, "அப்ப சரி தம்பி," என்றார். ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

அந்த வெள்ளிக்கிழமை குலசேகரம் பெட்டியைப் போர்வையால் மூடிவிட்டு, கேத்திலில் தண்ணீர் நிரப்பி, பிஸ்கட் வாங்கிவைத்தார். பாம்பு இல்லாவிட்டால் என்ன, வழியில் போகும்போது ஒருத்தராவது எட்டிப் பார்க்க மாட்டார்களா? ஏழு மணிவரை பார்த்தார். அடுத்த வெள்ளியும் பார்த்தார். அதற்கடுத்ததும். அவரைப் பார்க்க யாரும் வந்ததேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நாலாவது வெள்ளி பின்னேரம், எலியை இளக்கிப் போர்வைக்கு அடியால் வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால்மணி நேரம் கழித்து மெல்ல விலக்கிப் பார்த்தால், எலியின் வால் மட்டும் வாய்க்கு வெளியே! அதுவும் உள்ளே போனது. டேசி வாயை மூடி, மூச்சை அமைதியாக இழுத்தது.

சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. ஓடிப்போய் டெலிபோனை எடுத்து பாலாம்பிகையின் நம்பரை முக்கால்வாசி அமத்திய பிறகுதான், தான் சொல்லிவைத்த பொய் நினைவுக்கு வந்தது. ரிசீவரைச் சத்தம் கேட்காமல் வைத்தார்.

"டேசி சாப்பிட்டிட்டுது," என்று அறையைப் பார்த்துச் சொன்னார். கேட்க யாரும் இல்லை. பாம்புக்குக் காதும் கிடையாது.