கொரெட்டி தனக்கே வைத்துக்கொண்ட பரீட்சை

எங்கள் பக்கத்தில் ஒருத்தி நாயும் இல்லாமல் துணையும் இல்லாமல் காட்டுக்குள் போனால் ஊர் சும்மா விடாது. ஆடு தொலைந்ததா, டாக்டர் உடம்பை இளைக்கச் சொன்னாரா, வீட்டில் சண்டையா என்று துருவித் துருவிக் கேட்கும். அதனால்தான் கொரெட்டி மல்ரென்னன் அந்த வெள்ளிக்கிழமை, ஊரே கடைத்தெருவில் இருக்கும் நேரமாகப் பார்த்து, டெரிகான்லா காட்டு வாசலில் காரை நிறுத்தினாள். அக்டோபர் கடைசி, பள்ளிகளுக்கு ஒரு வாரம் விடுமுறை. எங்கள் ராஸ்காமன் மாவட்டத்தில் மழை இல்லாத காலைப் பொழுது அபூர்வம். அன்றைக்கு அந்த அபூர்வம் வாய்த்திருந்தது.

கைப்பேசியைக் காருக்குள்ளேயே வைத்துப் பூட்டினாள். வேண்டுமென்றேதான்.

கொரெட்டிக்கு அறுபத்து மூன்று வயது. இருபத்தாறு வருடமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறாள். எந்த வளைவில் பனி உறையும், எந்த வீட்டு நாய் சக்கரத்தைத் துரத்தும், எந்தப் பிள்ளை வயிற்றைப் பிரட்டுகிறது என்று சொன்னால் நிஜம், எது சொன்னால் நடிப்பு, எல்லாம் அத்துப்படி. புருஷன் ஜெர்ரி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகன் சிட்னியில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். பஸ் மட்டும் இல்லையென்றால் மதியம்வரை தூங்குவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பில் பாதி பயம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

போன வாரம் ஒரு காரியம் நடந்தது. வியாழக்கிழமை சாயங்காலம், கொட்டுகிற மழையில், கொரெட்டி ஏழு வயது க்ளோடாவை அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலுக்கு ஒரு மைல் முன்னாலேயே யாரோ ஒருவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் கூட்டிப்போய் விட்டார்கள். க்ளோடாவின் தாத்தா மாலக்கி பெர்ன், ஆடு வளர்ப்பவன், கொரெட்டியோடு ஒரே வகுப்பில் படித்தவன், மறுநாள் தபாலாபீஸில் எல்லார் முன்னாலும், "என் பேத்திக்கு ஒரு மைல் நடைப்பயிற்சி குடுத்திருக்கா, காசு வாங்காம" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கொரெட்டியும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு மறதி நோய் அறுபத்து நான்கு வயதில் ஆரம்பித்தது. முதலில் கெட்டிலை அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தாள். பிறகு கட்டின புருஷனைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று மரியாதையாக விசாரித்தாள்.

டாக்டரிடம் போகலாம்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு டாக்டர் என்பவர் எல்லாம் முடிந்த பிறகு போகிற ஆள். கொரெட்டி தானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டாள். காட்டு வாசலில் நுழைந்து, இடி விழுந்து பிளந்த ஓக் மரத்தைத் தாண்டி, இடிந்த மடாலயத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து புனிதக் கிணற்றுக்கு இறங்கி, சுண்ணாம்புக் காளவாய் வழியாகச் சாலைக்கு வர வேண்டும். சின்ன வயதில் கண்ணை மூடிக்கொண்டு ஓடிய பாதை. துணை கூடாது, கைப்பேசி கூடாது, யாரையும் வழி கேட்கக் கூடாது. தேறினால் திங்கட்கிழமை பஸ்ஸை எடுப்பாள். தேறாவிட்டால் எடுக்க மாட்டாள். இவ்வளவுதான் விதி.

காடு நன்றாக இருந்தது. பீச் மரத்து இலைகள் உதிர்ந்து தரை முழுக்கச் செம்பு நிறமாகக் கிடந்தன. ஈரமும் காளானும் கலந்த அந்த வாசனை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ஓக் மரத்தைப் பார்த்ததும், "வந்துட்டேன்டா" என்று அதனிடமே சொன்னாள். இடதுபக்கம் திரும்பினாள். கொஞ்ச தூரம் நடந்தாள். ஓக் மரம் மறுபடி எதிரே நின்றது.

சரி, பராக்குப் பார்த்துக்கொண்டு நடந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். இந்தத் தடவை கவனமாக, ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். ஓடை எந்தப் பக்கமென்றே பிடிபடவில்லை. மூன்றாவது தடவையும் அதே ஓக் மரம்.

அப்போதுதான் அவளுக்குக் கோட் ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் திகைப்புல் என்று ஒன்று உண்டு. பார்ப்பதற்கு மற்றப் புல் மாதிரியேதான் இருக்கும். தெரியாமல் மிதித்தால் பிறந்து வளர்ந்த இடத்திலேயே திசை கெட்டுச் சுற்ற வேண்டியதுதான். யார் அதை அங்கே வைக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். 'அவங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கு மாற்று, போட்டிருக்கும் கோட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டுக்கொள்வது. இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்டால் சிரிப்போம். ஆனாலும் இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்திலும் 'அவங்க' இருக்கிற பழைய வட்ட மண்மேட்டில் மண்வெட்டியை வைக்க எங்களில் ஒருத்தனுக்கும் தைரியம் கிடையாது.

கொரெட்டி பச்சைக் கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். கிழிந்த லைனிங், கழுத்தில் விலைச்சீட்டின் மிச்சம், எல்லாம் வெளியே தெரிந்தன. நடந்தாள். கால் மணி நேரத்தில் மரங்கள் விலகின, மடாலயத்தின் கூரையில்லாத சுவர்கள் எதிரே நின்றன. தூரத்துக் கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது. பதினொன்றுகூட ஆகியிருக்காது என்றல்லவா நினைத்திருந்தாள். சுற்றின சுற்றில் நேரம் போனது தெரியவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பலிபீடம் இருந்த இடத்தில் விழுந்து கிடந்த கல்லில் உட்கார்ந்தாள். சுவர்ப் பொந்துகளில் காக்கைகள் கத்தின, ஐவிக் கொடி ஜன்னலை முழுக்க மூடியிருந்தது. மறதி வந்தவளுக்குத் திகைப்புல்லின் மாற்று ஞாபகம் வருமா? வராது. அம்மாவுக்கு வந்திருக்குமா? வந்திருக்காது. திங்கட்கிழமை ஏழரைக்கு பஸ்ஸை எடுக்கலாம். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயை ஊற்றிக்கொண்டாள். இரண்டு சாண்ட்விச் கட்டிக்கொண்டு வந்ததாக நினைவு. பொட்டலத்தில் ஒன்றுதான் இருந்தது. ஒன்றுதான் கட்டினேன் போலிருக்கிறது என்று அதைத் தின்றாள்.

பாதித் தின்றபோது ஒரு கறுப்பு நாய் சுவரைத் தாண்டி வந்தது. பின்னாலேயே மாலக்கி பெர்ன், கையில் தடியோடு.

"அட, வந்து சேர்ந்துட்டியே! நான்கூட ராத்திரிக்கு டார்ச்சோட ஆளுங்களைக் கூட்டிட்டு வரணும்னு நெனச்சேன்."

கொரெட்டி சிரித்தாள். "நான் இங்க வந்தது உனக்கெப்படித் தெரியும்? ஊர்ல ஒரு விஷயத்தை மறைக்க முடியுதா பாரு. என் காரைப் பாத்தியா?"

"காரா? எதுக்குக் காரைப் பாக்கணும்?" மாலக்கி கல்லில் உட்கார்ந்தான். "பரவால்ல, சொன்ன பேச்சைக் கேட்டிருக்கே. கோட்டைத் திருப்பித்தான் போட்டிருக்கே. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் சாண்ட்விச்சுல கடுகு ஜாஸ்தி. இன்னும் மூக்கு எரியுது."

கொரெட்டியின் கை டீக் கோப்பையோடு அப்படியே நின்றது.

"என்ன சொல்றே?"

"கடுகு. தின்னப்பவே சொல்லிருப்பேன், மரியாதைக்குப் பேசாம இருந்தேன்."

"எப்ப தின்னே, மாலக்கி?"

அவன் முதலில் சிரித்தான். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தான். அவள் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"ஒரு மணி நேரம் முன்னாடி," என்றான் மெதுவாக. "பிளந்த ஓக் கிட்ட. நான் ஆட்டைத் தேடிட்டு வந்தேன். நீ அங்க நின்னுட்டிருந்தே. வேர்ல உக்காந்து ரொம்ப நேரம் பேசினோம். வழி புடிபடலன்னு சொன்னே. திகைப்புல்லை மிதிச்சிருப்பே, கோட்டைத் திருப்பிப் போடுன்னு நான்தான் சொன்னேன். கூட வரேன்னதுக்கு வேண்டாம்னுட்டே."

கொரெட்டி நினைவில் தேடினாள். ஓக் மரம் இருந்தது, வேர் இருந்தது, உதிர்ந்த இலைகள் இருந்தன. அந்த வேரில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. எத்தனை தடவை போய்ப் பார்த்தாலும் இடம் காலியாகவே இருந்தது.

"சரி விடு," என்றான் மாலக்கி அவசரமாக. "அதோட வேலைதான் இது. எங்கப்பாவையே ரெண்டு தரம் சுத்த விட்டிருக்கு. வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு வீடு எங்கன்னு கேட்டவரு. இந்த மண்ணை நம்ப முடியாது, கொரெட்டி. உன்மேல தப்பில்ல."

நல்ல மனுஷன். திரும்பிப் போக அவளுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தான். அவளுக்கும் அதற்குள் நுழைந்துகொள்ளத்தான் ஆசை. ஆசையென்றால் கொஞ்சநஞ்சமல்ல, நெஞ்சு வலிக்கிற ஆசை.

"திகைப்புல் காலைத்தான் புடிக்கும், மாலக்கி," என்றாள். "பேசின பேச்சைத் தின்னாது."

கொரெட்டி அவனிடம் கையை நீட்டினாள்.

"உன் போனைக் குடு. டெக்லனைக் கூப்பிடணும்." டெக்லன் பஸ்ஸின் முதலாளி.

"இப்பவே எதுக்கு? வீட்டுக்குப் போ, ஒரு தூக்கம் போடு, நாளைக்கு யோசிக்கலாம்."

"வீட்டுக்குப் போறதுக்குள்ள எனக்கு நானே சமாதானம் சொல்லிடுவேன். இல்லன்னா மறந்தே போயிடுவேன். அப்புறம் திங்கக்கெழம ஏழரைக்கு உன் பேத்தியை ஏத்திக்கிட்டுப் போவேன். எங்க எறக்குவேன்னு சொல்லு பாக்கலாம்."

மாலக்கி போனை எடுத்தான். எண்ணைத் தேடுவதற்கே அவன் விரல்கள் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டன.

"டெக்லன், கொரெட்டி பேசறேன். திங்கக்கெழம பஸ்ஸுக்கு வேற ஆள் பாரு."

"ஏன், சளியா? எத்தனை நாளைக்கு?"

"சளி இல்லப்பா. எங்கம்மாவுக்கு வந்ததே வந்திருக்கு."

டெக்லன் என்ன சொன்னானோ, கொரெட்டி "சரி", "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அழுதாள். சத்தம் போட்டே அழுதாள், காக்கைகள் எழுந்து பறக்கும் அளவுக்கு. மாலக்கிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். அழுது முடித்தபோது, போன வாரத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் இல்லை என்பதைக் கண்டாள். துக்கம் இருந்தது. பிள்ளைகள் பத்திரமாக வீடு போய்ச் சேரும்.

இருவரும் எழுந்து கிணற்றுப் பக்கமாக இறங்க ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் கொரெட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில அங்க உக்காந்து என்ன பேசினோம்?"

"என்னென்னமோ. ஆட்டைப் பத்தி, உன் ஜெர்ரியைப் பத்தி. பள்ளிக்கூடத்துல நான் மை பாட்டிலைக் கவுத்துட்டு உன்மேல பழி போட்டதைப் பத்தி."

"நான் சிரிச்சேனா?"

"வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சே."

"அப்படின்னா முதல்லேருந்து சொல்லு. ஒண்ணு விடாம."

மாலக்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவளைப் பார்த்ததும் தான் சொன்ன முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தான்.