முதல் மீன் ஏறும்வரை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் படகுத்துறையில் ஒரு பிள்ளை வாயை மூடிய பிறகுதான் பிழைத்தது. அந்தப் பிள்ளைக்கு இப்போது அறுபது வயது. சொந்தப் பெயரைச் சொன்னால் துறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. ‘ரேடியோ’ என்றால் நாய்கூடத் திரும்பிப் பார்க்கும்.

நான் துறையில் ஐஸும் தூண்டில் இரையும் விற்கிறவள். கடை என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். ஒரு தகரக் கதவு, இரண்டு ஐஸ் பெட்டி, இரைக்குக் கணவாய் மீன் நறுக்கும் பலகை, எனக்கு ஒரு ஸ்டூல், வருகிறவர்கள் உட்காரக் கவிழ்த்துப் போட்ட ஒரு மீன்கூடை. கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் என் கடையைத் தாண்டித்தான் படகு ஏற வேண்டும். அதனால் யார் யாரோடு போனார்கள், யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பினார்கள் என்பதெல்லாம் எனக்குத் தானாகவே தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கில்லை. காது இருக்கிறது, கேட்கிறது, அவ்வளவுதான்.

ரேடியோவின் தொழில் இதுதான்: தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களைத் தன் படகில் ஏற்றிப்போய், மீன் இருக்கிற இடத்தில் நிறுத்தி, பத்திரமாகக் கரையில் கொண்டுவந்து இறக்கிவிடுவது. மீன் கிடைத்தால் அது அவர்கள் சாமர்த்தியம். கிடைக்காவிட்டால் அது இவன் குற்றம். கடல் என்ன இவன் மாமனார் வீடா, கேட்டதும் எடுத்துக் கொடுக்க? மீன் கடிக்காத நேரத்தை எப்படி ஓட்டுவது என்று யோசித்து, பேச்சால் நிரப்பலாம் என்று கண்டுபிடித்தான். படகு நகர்ந்ததும் எழுந்து நின்று சட்டம் சொல்வான்.

“முதல் மீன் ஏறுற வரைக்கும் இந்தப் படகுல ஒரு வாய்தான் தொறக்கும். அது என் வாய். மீனுக்கெல்லாம் என் குரல் பழகிடுச்சு. உங்க குரல் புதுசு, பயந்து ஓடிடும்.”

சுத்தப் பொய். ஆனால் படித்தவர்கள், பதவியில் இருப்பவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது பிடித்திருந்தது. இவன் தன் கல்யாண மோதிரம் கடலில் விழுந்த கதையைத் தொடங்குவான். மோதிரத்தை ஒரு மீன் விழுங்கிவிட்டது, இவன் விடாமல் துரத்தி அதைப் பிடித்து வயிற்றைக் கிழித்தால் உள்ளே வேறு எவனுடைய மோதிரமோ இருந்தது. “அந்த ஆளு இன்னும் எந்த வீட்டுல திட்டு வாங்கிக்கிட்டு இருக்கானோ!” என்று முடிப்பான். முதல் வருஷம் கேட்டபோது அந்த மீன் முழங்கை நீளம். பத்து வருஷத்தில் அது படகைவிடப் பெரிதாகிவிட்டது.

வருஷா வருஷம் தவறாமல் வந்த கூட்டம் ஒன்று உண்டு. நான்கு சிநேகிதர்கள், அதில் ஒருவர் பல் டாக்டர். ரேடியோவின் சட்டத்தை அவரைப் போல மதித்தவர் யாரும் இல்லை. மூச்சு விடுவதுகூட மெதுவாகத்தான். “ஊர்ல இருக்கிற வாயையெல்லாம் தொறக்கச் சொல்ற ஆளு, என் படகுல எப்படி மூடிக்கிட்டு இருக்காரு பாருங்க!” என்று ரேடியோ கிண்டல் செய்வான். முதல் மீன் ஏறியதும் டாக்டர் வாயைத் திறப்பார். பிறகு கரை வரும்வரை இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பேசுவார்கள். துறைக்கெல்லாம் ரேடியோ, டாக்டருக்கு மட்டும் அவன் ‘கேப்டன்’. டாக்டரின் மனைவி நான்கு அடுக்கு டிபன் பெட்டியில் சாப்பாடு கட்டி அனுப்புவார். அதில் ஒரு அடுக்கு எப்போதும் ரேடியோவுக்கு.

அந்தக் கூட்டம் கலைந்தது. ஒருவர் மகனோடு வெளியூர் போனார், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் காலமானார். ரேடியோவின் மனைவி இறந்தபோது டாக்டர் வந்து ஓரமாக நின்றுவிட்டுப் போனார். அதோடு சரி.

அதற்குள் வருகிற ஆட்களும் மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவைத்து, விடியலில் வந்து, பொழுது சாயும்வரை இருந்து, பிடித்த மீனை வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். இப்போது முதல் நாள் சாயங்காலம் போனில் அமுக்குகிறார்கள், மறுநாள் காலையில் வந்து நிற்கிறார்கள். அரை நாள் போதும். மீனைப் பிடித்துக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி, படம் எடுத்து, திரும்பக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். மீனுக்கும் லாபம்தான். ஒருத்தர் வீடியோ எடுத்தால் மற்றவர்கள் உதட்டில் விரலை வைத்து ரேடியோவைப் பார்ப்பார்கள்: பேசாதே, உன் குரல் விழுகிறது.

படகுக் கணக்கையும் போனையும் பார்த்துக்கொள்வது ரேடியோவின் கூடப்பிறந்த அக்காவின் மகள். அவனுக்குப் பிள்ளை இல்லை; எல்லாம் அவள்தான். மாமன் முகம் சுண்டுவதைப் பார்க்க அவளுக்கும் பிடிக்காது. ஆனாலும் ஒரு நாள் என் கடை வாசலில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

“மாமா, உங்களைக் குறை சொல்லல. ஆனா வர்றவங்க எல்லாம் ‘கடல் சூப்பர், படகு சூப்பர், அவரு கொஞ்சம் வாயை மூடினா நல்லா இருக்கும்’னு போன்ல எழுதறாங்க. வாரம் முழுக்க ஆபீஸ்ல பேசிப் பேசிச் செத்துட்டு, நாலு மணி நேரம் சும்மா இருக்கலாம்னு வர்றாங்க. அவங்களா ஏதாவது கேட்டா பதில் சொல்லுங்க. நீங்களா ஆரம்பிக்காதீங்க. எனக்கு வாக்குக் கொடுங்க.”

கொடுத்தான். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தான், பாவி. ‘அமைதியான கடல் பயணம்’ என்று அவள் போனில் போட்டாள். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. இரண்டாவது படகு வாங்கினார்கள். அதற்குப் போட்ட ஓட்டுநர் பிறவியிலேயே பேச்சு குறைவு, அந்த ஒரே தகுதிக்காக வேலை கிடைத்தது. மெத்தை வைத்த இருக்கை, போனுக்குச் சார்ஜ் போடும் இடம், வெயிலுக்குக் கூரை. துறையில் எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்.

எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல் இல்லை. ஏனென்றால் அவன் படகு ஓடாத நாளிலும் என்னிடம் வந்து ஐஸ் வாங்குவான்.

“காலிப் படகுக்கு ஐஸ் எதுக்கு?” என்று கேட்டால், “இருக்கட்டும் அக்கா, வெயில் பாருங்க எப்படி அடிக்குது” என்று கூடையில் உட்கார்ந்துவிடுவான். கழுவிய படகையே திரும்பக் கழுவுவான். வெளிச்சம் இருக்கிறவரை வீட்டுக்குப் போக மாட்டான். எனக்கு வியாபாரம் இருக்கிறது, அவனுக்காகக் காதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உட்கார முடியுமா? கொஞ்ச நாளில் என்னிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். ஓயாமல் பேசுகிறவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குத் தாங்காது. எனக்குக் கோபம்தான் வரும்.

போன மாதம் ஒரு நாள் ஓடாத குறையாகக் கடைக்கு வந்தான். முகமெல்லாம் பல்.

“அக்கா, நாளைக்கு யாரு வர்றாங்க தெரியுமா? பல் டாக்டரு! தனியா, முழு நாளுக்கு! நம்ம பொண்ணுகிட்ட அவரே போன் பண்ணிச் சொல்லியிருக்காரு.”

“அப்ப உன் வாக்கு?”

“அது புது ஆளுங்களுக்கு. டாக்டரு நம்ம ஆளு. நாளைக்கு மடையைத் தொறந்துவிடப் போறேன் பாருங்க. இத்தனை வருஷத்துக் கதை இருக்கு உள்ள.”

மறுநாள் மழமழவென்று சவரம் செய்துகொண்டு நின்றான். டாக்டர் வந்தார். இளைத்திருந்தார். என்னிடம் இரை வாங்கினார். கையில் டிபன் பெட்டி இல்லை, கடையில் விற்கிற ரொட்டிப் பொட்டலம் ஒன்றுதான் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், ரேடியோவும் பார்த்தான். அவன் “டாக்டர்!” என்று கூவிக் கையை நீட்டினான். டாக்டர் சிரித்துக்கொண்டே படகில் கால் வைத்து, உதட்டில் விரலை வைத்தார்.

ரேடியோவின் கை அப்படியே நின்றது. பிறகு எஞ்சின் பக்கம் திரும்பிவிட்டான்.

பகல் முழுக்கக் கடலில் நடந்ததை அவன் வாயால்தான் கேட்டேன். சாயங்காலம் டாக்டர் அவன் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு போனார். இவன் படகை இரண்டு தடவை கழுவிவிட்டு, இருட்டியதும் வந்து கூடையில் பொத்தென்று உட்கார்ந்தான்.

“அவருக்கும் நான் வேண்டாதவனாயிட்டேன் அக்கா. காலையில இருந்து ஒரு வார்த்தை இல்லை. மீனும் கடிக்கல. பாறைத்திட்டு, ஆத்து வாய், எல்லா இடத்துக்கும் கொண்டுபோனேன். ஒரே ஒரு தடவை கயிறு இழுத்துச்சு. மனுஷன் எழுந்து நின்னுட்டாரு, ஏதோ சொல்லப்போற மாதிரி வாயைத் தொறந்தாரு. மீன் அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு. அப்படியே வாயை மூடிக்கிட்டு உக்காந்துட்டாரு. எனக்கு ஏன்னு கேக்கக்கூடத் தைரியம் வரல.”

நான் கணவாய் நறுக்குகிற கத்தியைக் கீழே வைத்தேன். என்னவோ இடித்தது, ஆனால் அதற்குள் அக்கா மகள் போனும் கையுமாக வந்துவிட்டாள்.

“மாமா, என்ன பண்ணித் தொலைச்சீங்க? டாக்டர் அங்கிள் இப்ப போன் பண்ணினாரு. ‘உங்க மாமாவுக்கு என்மேல ஏதாவது கோவமாம்மா’ன்னு கேக்கறாரு. ‘முதல் மீன் ஏறாம நான் பேசக்கூடாது, அது படகுச் சட்டம். ஆனா அவரு பேசலாமே? ஒரு கதைகூடச் சொல்லலியே’ன்னு கேக்கறாரு. என்ன சட்டம் மாமா அது?”

அவளுக்குத் தெரியாது, அவள் வருவதற்கு முந்தைய சட்டம். ரேடியோ என்னைப் பார்த்தான். அவன் போட்ட சட்டத்தை அவனே மறந்திருந்தான். அவர் மறக்கவில்லை. அவன் பேசுவான் என்று அவரும், அவராக ஏதாவது கேட்பார் என்று அவனும், ஒரு முழுப் பகல் நடுக்கடலில் எதிரெதிரே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது.

“போனைப் போடுடி” என்றேன்.

எஞ்சின் சத்தத்தில் பாதிக் காது போனவன் அவன், அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவான். மணி அடித்தது. “ஹலோ” என்றார் டாக்டர். ரேடியோ வாயைத் திறந்தான். ஊரையே பேசிச் சாய்த்தவனுக்கு ஒரு சொல் அகப்படவில்லை. “ஹலோ? யாரு?” என்று மறுபடி கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “கேப்டனா?” என்றார்.

இவன் தலையை ஆட்டினான். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

“கேப்டன்… முதல் மீன் ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு டாக்டர்” என்றான் ரேடியோ. “இப்பத்தான் ஏறிச்சு. பேசுங்க.”

டாக்டர் பேசினார்.

“அவ போய் நாலு மாசம் ஆச்சு, கேப்டன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் வந்தேன். வேற யாருகிட்டயும் கேக்க முடியல. உங்களுக்குப் பழகிடுச்சா?”

அக்கா மகள் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த இடத்தில் அவன் ஏதாவது கதை விடுவான் என்றுதான் நினைத்தேன். அவனிடம் இல்லாத கதையா?

“இல்ல டாக்டர்” என்றான். “இன்னும் பூட்டைத் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கதவைத் தட்டறேன். யாராவது பாத்தா பூட்டு இறுகிடுச்சுன்னு சொல்லிச் சமாளிக்கிறேன். பழகல.”

“அப்பாடா” என்றார் டாக்டர். அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. “எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன். வீட்டு வாசல்லதான் இருக்கேன், கேப்டன். வந்து எவ்வளவு நேரமோ ஆச்சு. கார்லயே உக்காந்திருக்கேன். எறங்கத் தோணல.”

ரேடியோ கூடையிலிருந்து எழுந்து நின்றான், பழைய நாளில் படகில் சட்டம் சொல்ல எழுந்து நிற்பானே, அப்படி.

“எறங்குங்க. போய்க் கதவைத் தட்டுங்க. வெக்கப்படாதீங்க. நான் லைன்லயே இருக்கேன்.”

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு மரக்கதவில் இரண்டு தட்டு, மெதுவாக. நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் திறக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துச் சாவி திரும்பியது.

“உள்ள வந்துட்டேன்” என்றார் டாக்டர்.

“லைட்டைப் போடுங்க. போட்டுட்டு உக்காருங்க” என்றான் ரேடியோ. “அந்த மோதிரத்தை முழுங்கின மீன் இருக்கே, டாக்டர், அது போன வருஷம் திரும்ப வந்துச்சு.”