வழுக்கையாற்றங்கரையில் ஆறு மாடுகள்

அளவெட்டியில் எங்கள் பின்வேலிக்கு அப்பால் வழுக்கையாறு. ஆறு என்பது பெயருக்குத்தான். மாரியில் மூன்று மாதம் ஓடும், பிறகு காய்ந்துவிடும். அந்த மூன்று மாதமும் நான் அதில்தான் உடுப்புத் தோய்ப்பேன். முழங்காலளவு தண்ணீரில் நின்றால் கால்விரல்கள் தெரியும்.

தொண்ணூறில் சண்டை மூண்டு வடக்குக் கரையோர ஊர்ச்சனம் இடம்பெயர்ந்து வந்தது. மாடுகளைக் கைவிட மனமில்லாமல் ஓட்டிவந்தவர்களும் இருந்தார்கள். அடுத்த காணிக் கொட்டிலில் தங்கிய அக்காவிடம் ஆறு மாடுகள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தனி ஆள். மற்றவர்களின் மாடுகளோடு அவையும் ஆற்றங்கரையில்தான் மேய்ந்தன. வேறு இடம் இருக்கவில்லை.

அந்த மாரிக்குள் கரையில் ஒரு புல்லும் மிஞ்சவில்லை. குளம்பு பட்டுப் பட்டுக் கரை இடிந்தது; ஒவ்வொரு மழைக்கும் மண் சரிந்து ஆற்றுக்குள் போனது. தண்ணீர் பால்தேத்தண்ணி நிறமானது. சாணம் மிதந்தது. எங்கள் ஊரில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே கிடப்பது கிணற்றுக்கு வர நாளெடுக்காது. கிணற்றுத் தண்ணீர் மணக்கத் தொடங்கிய கிழமையே என் மூன்று வயது மகளுக்கு வயிற்றோட்டம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டிலுக்குப் போனேன். அக்கா பால் கறந்துகொண்டிருந்தார்.

"உங்கடை மாடுகள் தண்ணியைப் பழுதாக்கிப் போட்டுதுகள். என்ரை பிள்ளை சாகப் பார்த்தவள். உதுகளை அங்காலை கொண்டு போங்கோ."

அவர் நிமிரவில்லை. "அங்காலை எண்டால் எங்கை தங்கச்சி? எங்கடை மேய்ச்சல் தரவையிலை ஆமியெல்லோ நிக்குது."

திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை படலையடியில் செம்போடு நின்றார். "பிள்ளைக்குப் பால். காய்ச்சித்தான் கொண்டந்தனான்." பிறகு, "வாரும், கரையை ஒருக்கால் பாப்பம்" என்றார்.

இருவரும் கரை நெடுக நடந்தோம். இடிந்த இடங்களில் அவர் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "ஊரிலை நாங்கள் மாட்டைக் குளத்துக்குள்ளை விடுறேல்லை. தொட்டியிலைதான் தண்ணி காட்டுறது. இஞ்சை வந்து எல்லாத்தையும் மறந்து போனன்."

எங்கள் வளவில் கிடந்த பழைய சீமெந்துத் தொட்டியைக் கரைக்கு எட்டத்தில் வைத்தோம். பனைமட்டை கட்டிக் கரையை அடைத்தோம்; மாடுகளுக்கு இலைகுழை வெட்டிப் போட்டோம். மாடு வைத்திருந்த ஒருவர் இரண்டு தரம் வேலியைப் பிடுங்கி எறிந்தார். அக்கா இரண்டு தரமும் திரும்பக் கட்டினார். மூன்றாம் தரம் பிடுங்கியவரே மட்டை கொண்டுவந்து தந்தார்.

அடுத்த மாரியில் கோரைப்புல் தலைகாட்டியது. தண்ணீர் முன்போல் தெளியவில்லை. ஆனால் கிணற்றில் அந்தக் கெட்ட மணம் போனது. பின்னேரங்களில் நான் துலாவில் தண்ணீர் அள்ள, அக்கா வாளியைக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்புவார். என் கணவருக்குக் கொழும்பில் வேலை; சண்டையால் பாதை பூட்டி, அவர் வரமுடியாதிருந்த காலம். அந்த நாலைந்து வருடத்தில் நான் மனம்விட்டுக் கதைத்தது அக்காவோடு மட்டும்தான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி முன்னேறி வர, எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. நான் மகளைச் சைக்கிளில் இருத்தியபோது அக்கா மாடுகளின் கயிறுகளை அவிழ்த்துவிட்டு, பனைமட்டைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"ஏனக்கா?"

"தொட்டிக்கு இனி ஆர் தண்ணி இறைக்கிறது? அதுகள் ஆத்திலை குடிக்கட்டும். நீர் முன்னாலை போம், நான் வாறன்."

சாவகச்சேரியில் இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தேடினேன். வன்னிக்குப் போய்விட்டார் என்றார் ஒருவர். காணவில்லை என்றார் இன்னொருவர். இன்றும் அந்தக் கரையோர ஊர்க்காரர் யாரைக் கண்டாலும், ஆறு மாடு வைத்திருந்த அக்காவைத் தெரியுமோ என்றுதான் முதலில் கேட்கிறேன்.