இன்ஜின் மூடி மேல் சைமா

எங்கள் கம்பெனி வேனில் டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி. அதன் மேல் மடித்துப் போட்ட சாக்கு. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்தான் அங்கே உட்கார வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு வருடமாக சைமாதான் உட்கார்ந்தாள், சாலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவளுக்கு ஒரு மாதம் முன்னால் சேர்ந்ததால் எனக்குக் கடைசி வரிசை.

பூந்தமல்லியிலிருந்து திருமழிசை ஆபீஸ் வரை எதுவும் கடந்து போன பிறகுதான் அவள் கண்ணில் படும். பனி படர்ந்த வயலும் பஸ்ஸுக்குக் கைகாட்டும் பெண்களும் சிறுத்துக்கொண்டே போய் வெளிச்சத்தில் கரைவார்கள். "தூக்கத்துல பின்னாடியே நடக்கற மாதிரி இருக்குப்பா" என்பாள்.

அவள் அத்தா பூந்தமல்லியில் கைலி வியாபாரி. அவர்கள் வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. எங்கள் வீட்டில் என்னுடையது. ஆபீசில் பெரியவர்களிடம் எந்தக் குரலில் பேசுவது என்று சொல்லித்தர எங்களுக்கு ஆளில்லை. நான் எல்லாவற்றுக்கும் "சரி சார்" சொல்வேன். அது மரியாதையா, பயமா?

கனரக வண்டி ஒன்றின் கதவுக்கு சைமா ஒரு கீல் வரைந்திருந்தாள். கனவில்கூட அந்தக் கதவு சத்தமில்லாமல் திறந்து மூடுகிறது என்றாள். அதை ஆவடியில் முதன்முதலாகப் பொருத்திப் பார்க்கும் நாள். ஆபீஸ் வாசலில் வேன் கிளம்பத் தயாராக நின்றது. மேலாளர் நாகேந்திரன் திரும்பினார்.

"பாப்பா, நீ எறங்கிக்கோ. உதயகுமார் வர்றான். எடமில்ல."

உதயகுமாருக்காக ஜன்னலோர இருக்கை ஒன்று காலியாகத்தான் இருந்தது. சைமா எழுந்தாள். இறங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். உள்ளே வந்து அந்த இருக்கையில் உட்கார்ந்தாள்.

"எடம் இருக்கு சார். நான் உக்காந்த எடம் காலிதான்."

"அவன் சீனியர்மா!"

"கீல் வரைஞ்சது நான் சார். கதவு சரியா மூடலன்னா யாரக் கேப்பாங்க?"

"நான் பதில் சொல்லிக்கறேன் பாப்பா."

"என் பேரு சைமா சார்." துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஆனால் எழவில்லை.

டிரைவர் ஜம்புலிங்கம் சாக்கைத் தட்டிப் போட்டார். "உதயா, வா நைனா! உனுக்கு ஸ்பெஷல் சீட்டு கீது."

ஓடி வந்த உதயகுமார் உட்கார்ந்த வேகத்தில் துள்ளினான். "இன்னா மாமே, தோசையே சுடலாம் போலகீதே! டெய்லி இதுலயா அந்தப் பொண்ணு வருது?"

வேன் கிளம்பியது.

பருத்திப்பட்டு ஏரி வந்தது. இந்த முறை அது அவளை நோக்கி வந்தது. முதலில் ஒரு வெள்ளிக் கீற்று, பிறகு கொக்குகள், பிறகு ஜன்னல் முழுக்கத் தண்ணீர். சைமா கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள்.

"பாப்பா, அந்தக் கீலுக்கு எண்ணெய் விட வழி வச்சிருக்கியா?" நாகேந்திரன் கேட்டார். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேனில் இன்ஜின் சத்தம் மட்டும்.

"...சைமா."

"சொல்லுங்க சார்" என்று திரும்பினாள்.

முதல் தடவை அவளுக்குக் கேட்கவில்லையா, கேட்டும் திரும்பவில்லையா? நான் இன்னும் அவளிடம் கேட்கவில்லை.