அரக்கி கேட்ட கேள்வி

மரியநாயகிக்கு வாய் நீளம் எண்டு ஊர் சொல்லும். ஊருக்கென்ன, சொல்லும்! புருஷன் கடலோடை போன பிறகு அவன்ரை கரைவலைப் பாட்டை, அந்தத் துண்டுக் கடலிலை வலை வளைக்கிற உரிமையை, ஒருத்தனுக்கும் விட்டுக்குடாமல் கட்டிக் காத்தவள் அவள். ஊர்காவற்றுறைப் பக்கம் அந்தச் சின்னக் கரையிலை, பாட்டுக்காரரைக் கேளாமல் வலை வளைக்கிற வழக்கமே இல்லை. தீராத பகையாளிகூட வந்து கேட்டுப்போட்டுத்தான் வளைப்பான். ஆனால் புருஷன்ரை தம்பி இராசநாயகம் கேளாமல் வளைச்சான். பொம்பிளையிட்டை என்னத்தைக் கேக்கிறது எண்ட எண்ணம். அவள் இடுப்பளவு தண்ணியிலை இறங்கி நிண்டு, வலைக்கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நியாயம் கேட்டாள். அண்டையிலை இருந்து அவள்தான் பேய், பிசாசு, அடங்காப்பிடாரி. வளைச்சவன் கோயில் திருவிழாவுக்குப் பொறுப்பான பெரிய மனிசன். எப்பிடி இருக்கு கதை?

எண்பத்தொன்பதாம் ஆண்டு லியோன் அண்ணை வீட்டிலை ரீவி வந்தது. கப்பலிலை ஓடி, பம்பாயிலை கனகாலம் நிண்ட மனிசன். ஞாயிறு பூசை முடிய ஊர்ச்சனம் முழுக்க அங்கைதான். இந்தியாக்காரன்ரை மாயாஜாலத் தொடர் ஒண்டு போகும். பாஷை ஹிந்தி, ஒருத்தருக்கும் விளங்காது. லியோன் அண்ணை கதிரையிலை இருந்து தமிழிலை சொல்லுவார். பால்மாதிரி வெள்ளையாய் ஒரு இளவரசி, அவளைத் தேடிக் கப்பலிலை வாற இளவரசன், வழியிலை ஒரு தீவு, அந்தத் தீவிலை கன்னங்கரேலெண்டு ஒரு அரக்கி. அரக்கி வாயைத் திறந்தால் லியோன் அண்ணை, "அது சும்மா கத்துறாள்" எண்டு விட்டிடுவார்.

பள்ளிக்கூடத்துப் பெடியளுக்கு அது வாய்ச்சுப்போச்சு. மரியநாயகியின்ரை மகள் மேரிறோஸ், எட்டு வயசு, தாயைப்போலை நல்ல கறுப்பு. அவளைக் கண்டால் "அரக்கி வாறாள், ஓடுங்கோடா!" எண்டு கூவுவாங்கள். அந்த வரியத் திருவிழாவிலை மாதா சுருவத்துக்கு முன்னாலை வானதூதர் வேஷத்திலை பூத்தூவிக்கொண்டு போற சம்மனசுப் பிள்ளையளிலை அவளும் ஒருத்தி. வெள்ளைச் சட்டைகூடத் தைச்சாச்சு. இராசநாயகம் வந்து வாசலிலை நிண்டான்.

"சம்மனசுக்கு நிறம் வேணும், மச்சாள். இவளை விட்டால் சனம் சிரிக்கும்."

மரியநாயகிக்கு உச்சந்தலை மட்டும் கொதிச்சுது.

அடுத்த ஞாயிறு அவள் லியோன் அண்ணை வீட்டுக்குப் போய், நேரே ரீவிக்கு முன்னாலை நிண்டாள். மறைக்குது, விலகு எண்டு சனம் கத்திச்சுது.

"விலகமாட்டன். கண்டறியாத நாடகம்! இதிலை ராசா வெள்ளை, ராசாத்தி வெள்ளை. கள்ளன் கறுப்பு, காவல்காரன் கறுப்பு. சரி, அது போகட்டும். அந்த வெள்ளைப் பெட்டை இவ்வளவு நாளும் அழுததைத் தவிர என்ன செய்தவள்? அவள் நல்லவள். வாய் திறந்து கதைக்கிற பொம்பிளை இதிலை ஒருத்திதான், அவளுக்குக் கறுப்பும் பூசி அரக்கி எண்டு பேரும் வைச்சாச்சு! லியோன் அண்ணை, அவள் என்ன சொல்லுறாள் எண்டு நீங்கள் ஒருநாளாவது சொன்னனீங்களோ?"

"அது... அரக்கிதானே, பிள்ளை."

"இண்டைக்குச் சொல்லுங்கோ."

அவள் விலகி நிண்டாள். திரையிலை இளவரசன்ரை ஆக்கள் கப்பலிலை நிண்டு மீனுக்கு வலை எறிய, அரக்கி கடலுக்குள்ளை இறங்கிக் கப்பலை மறிச்சுக் கத்தினாள். லியோன் அண்ணை காதைக் குடுத்துக் கேட்டார். கேக்கக் கேக்க மனிசன்ரை முகம் மாறிச்சுது.

"இது என்ரை கடல்... ஆரைக் கேட்டு இதுக்குள்ளை வலை எறிஞ்சனீ எண்டு கேக்கிறாள்."

இருந்ததுகள் முழுக்கக் கடற்தொழில் சனம். ஒரு கிழவன் தொண்டையைச் செருமினான். "அவள் கேட்டது நியாயந்தானே?"

எல்லாற்றை கண்ணும் முன்னுக்கு இருந்த இராசநாயகத்திலை. அவன் நிலத்தைப் பாத்தான்.

"என்ரை பிள்ளை சம்மனசுக்கு நிப்பாள்," எண்டாள் மரியநாயகி. "ஏலாதெண்டால் இந்தச் சனத்துக்கு முன்னாலை சொல்லும்."

"நிக்கட்டும், மச்சாள்," எண்டான் அவன். வேறை என்னத்தைச் சொல்லுறது?

திருவிழாவண்டு பின்னேரம் மணி அடிச்சுப்போட்டுது. மேரிறோஸை வெளிக்கிடுத்துவம் எண்டு மரியநாயகி அறைக்குள்ளை போனாள். பிள்ளை வெள்ளைச் சட்டையோடை கட்டிலிலை இருக்குது. முகம், கழுத்து, கை எல்லாம் பவுடர். பவுடர்ப் பேணி வெறுமையாய்க் கீழை கிடக்குது. கண் ரெண்டும் மட்டுந்தான் பிள்ளையின்ரை.

"ஆரடி பூசினது?" எண்டு பாய்ஞ்சாள். ஆரெண்டாலும் அண்டைக்குக் கொலைதான்.

"நான்தான்."

"ஏனடி, மூதேசி?"

"இப்பிடி வந்தால் நீங்கள் ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கத் தேவையில்லையல்லே, அம்மா."

ஊரையே ஏசி அடக்கின மனிசி பிள்ளையைக் கட்டிப்பிடிச்சு ஓவெண்டு அழுதாள். ஆத்திரம் கொஞ்சமும் தணியேல்லை, கூடித்தான் போச்சு. பிறகு கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய் முகத்தையும் கழுத்தையும் நல்லாய்க் கழுவிவிட்டாள். நனைஞ்ச சட்டையை மாத்தேல்லை. நேரமில்லை.

சம்மனசு வரிசையிலை பெரியாக்கள் நடக்கிறேல்லை. மரியநாயகி மகளின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு முன்வரிசையிலையே நடந்தாள். இராசநாயகம் மறிக்க வந்து, அவள் முகத்தைப் பாத்துப்போட்டு விலகினான்.