கார்ட்டில் கிடந்த மஞ்சள் வேட்டி

பொதட்டூர்பேட்டை லுங்கியும் வேட்டியும் ஆன்லைனில் விற்கிற கடையில் எனக்கு வேலை. கடை என்றால் திருத்தணியில் ஒரு மாடி அறை, துணி அலமாரிகள், ஒரு கம்ப்யூட்டர். படிப்பு எனக்கு ஒட்டவில்லை. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் திரை அணைந்துவிடும். ஆனால் பேசச் சொன்னால் பேசுவேன். துணியைக் கார்ட்டில் போட்டுவிட்டுப் பணம் கட்டாமல் போகிறவர்களுக்கு போன் போட்டு வாங்க வைக்கத்தான் முதலாளி என்னை வைத்திருந்தார். "சார், நீங்க உட்டுட்டுப் போன லுங்கி இங்க அழுதுகினு இருக்குது" என்பேன். பாதிப் பேர் திட்டுவார்கள். மீதிப் பேர் வாங்குவார்கள்.

கார்ட்டில் போட்டது ஒரு நாள்தான் நிற்கும். அதற்குள் திறந்து பார்த்தால் இன்னொரு நாள் கிடைக்கும். இல்லையென்றால் கார்ட் தானாகக் காலியாகி, துணி மறுபடி விற்பனைக்கு வந்துவிடும்.

ஆடிக் கிருத்திகை நெருங்க, காவடிக்கான மஞ்சள் வேட்டி எல்லாம் போய்விட்டது. சிவப்புக் கரை போட்ட கடைசி ஒன்று மட்டும் ஒரு பெண்ணின் கார்ட்டில் கிடந்தது. வாங்கவும் இல்லை, விடவும் இல்லை. காலியானால் உடனே மறுபடி போடுவார். போன் போட்டேன்.

"அக்கா, வேட்டி உங்க கார்ட்டுலயே குடித்தனம் பண்ணுது. வாடகையாவது குடுங்க."

அவர் சிரிக்கவில்லை.

"வூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருக்காருங்க. மூச்சுக்கு மெஷின் வெச்சிருக்காங்க. எழுந்து வந்தா காவடி எடுப்பாருன்னு வேண்டிக்கினு இருக்கேன்."

"அப்ப வாங்கி வெச்சிக்கங்கக்கா."

"கட்டறவரு கண்ணே தொறக்கல, வாங்கி என்ன பண்றது? வூடா இருந்தா மஞ்சத் துணியில காசு முடிஞ்சி சாமிகிட்ட வெச்சிருப்பேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல எங்க வைக்கறது? அதான் இதுல போட்டு வெச்சேன். காலையில பாத்தா காலி. எனக்கு உசுரே போயிடுச்சிண்ணா. காலி ஆவாம பாத்துக்க முடியுமா?"

சென்னையில் சைட்டைக் கவனிக்கிறவரிடம் கேட்டேன். "ஒருத்தருக்கு மட்டும் டைம நீட்ட முடியாதுங்க. அவங்கதான் தொறந்து பாத்துகினே இருக்கணும்" என்றார்.

அதனால் தினமும் சாயங்காலம் போன் போட்டேன். "அக்கா, கார்ட்டு." "ஆங், தொறந்துட்டேண்ணா." அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் அவராகவே, "இன்னிக்கு வெரல அசைச்சாரு" என்றார்.

"வெரலு இருக்கட்டும்கா, காலு எப்ப? காவடிக்குக் காலுதான் முக்கியம்."

அன்றைக்குத்தான் அவர் சிரித்துக் கேட்டேன்.

முதலாளிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "டேய், திருவிழா முடிஞ்சா இத நீதான் கட்டிக்கினு சுத்தணும்."

"நா கட்டினா முருகரே மலைய உட்டு எறங்கி ஓடிடுவாரு மொதலாளி. இன்னும் ரெண்டு நாளு உடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே விட்டார்.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் அந்த அக்காவின் கார்ட் காலி. நேரம் இன்னும் நிறைய இருந்தது. வாங்கிவிட்டாரா என்று ஆர்டர்களில் தேடினேன். இல்லை. திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டினேன். அது தானாகப் போகவில்லை, அவரே எடுத்திருக்கிறார். அதற்குள் போன் அடித்தது. எப்போதும் நான்தான் கூப்பிடுவேன், அன்றைக்கு அவர் கூப்பிட்டார்.

"அண்ணா, இனிமே சாயங்காலம் கூப்பிடாதீங்க."

"சரிங்கக்கா."

"இனிமே பொழைக்க மாட்டாரு, மெஷின எடுத்துடலாம்னு டாக்டருங்க சொன்னாங்க. நாந்தான் கையெழுத்துப் போட்டேன். இதுவும் தானா போறதுக்கு முன்னாடி நானே எடுத்துட்டேன்."

"ஆங்" என்றேன்.

"யாருக்காவது ஆவும். குடுத்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒருவர் அதை வாங்கிவிட்டார். மடிப்புக் கலையாமல் பையில் போட்டு ஒட்டினேன். முதலாளி திரையைப் பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். "ஒருவழியா தள்ளி உட்டுட்டியே! கெட்டிக்காரண்டா நீ. அடுத்தது யாரு, கூப்டு."

கூப்பிட்டேன். யாரோ கட்டம் போட்ட லுங்கி இரண்டைக் கார்ட்டில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் "அலோ, அலோ" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.